சீக்குக் கோழிக்கு மூன்று பாட்டில்: வடசென்னைக் கடைகள் தரும் ‘செட்’ எவ்வளவு தேறும்?

மாதவரம், கொடுங்கையூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் கோழித் தீவனக் கடையிலோ பெட் ஷாப்பிலோ போய், “அண்ணே, கோழி தூங்கிட்டே நிக்குது, பச்சையா கழியுது” என்று சொல்லிப் பாருங்கள். கோழிக்கு என்ன வயது, மொத்தம் எத்தனை, எத்தனை செத்தது, தடுப்பூசி போட்டதா என்ற கேள்வியெல்லாம் பெரும்பாலும் வராது. என்ரோஃப்ளாக்சசின் 10% பாட்டில் ஒன்று, பி-காம்ப்ளெக்ஸ் டானிக் ஒன்று, லிவர் டானிக் ஒன்று கைக்கு வந்துவிடும். கூடவே ஒரு டெட்ராசைக்ளின் பொட்டலமும் சேரலாம். இதுதான் ‘செட்’.

மொட்டை மாடியிலும் வீட்டுப் பின்புறத்திலும் பத்து முதல் ஐம்பது வரை நாட்டுக்கோழியோ அசில் சேவலோ வளர்ப்பவர்களுக்காக இந்த செட்டையும், அதே அலமாரியில் பக்கத்தில் இருப்பவற்றையும் எடைபோடுகிறோம். கம்பெனியையோ கடையையோ பற்றியதல்ல இது. பாட்டிலுக்குள் இருக்கும் மருந்தை வைத்துத்தான் மதிப்பீடு. செட்டில் பெரும்பகுதி வீண் செலவு. கோழியைக் காப்பாற்றும் சரக்கு அதே கடையின் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது, அதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

என்ரோஃப்ளாக்சசின் 10%

மருந்து நல்ல மருந்துதான். கொடுக்கும் நோய்தான் தப்பு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இரண்டு மூன்று நாளில் கழுத்து திருகிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்பதும் அதுவே. வைரஸ் நோய். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. “போன தடவை இதைக் கொடுத்துத்தான் பிழைச்சுது” என்பவர்கள் உண்டு. எப்போதோ தடுப்பு மருந்து போட்டு அரைகுறை எதிர்ப்புச் சக்தி இருந்த கோழிகள் தானாகத் தேறியிருக்கும், பெயர் பாட்டிலுக்குப் போயிருக்கும். கூடவே வந்த பாக்டீரியா சளியை மருந்து கொஞ்சம் அடக்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஈ.கோலை கிருமியாலும், மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி கொண்டுவரும் நாள்பட்ட சளியாலும் கஷ்டப்படும் கோழிக்கு இது வேலை செய்யும். இந்தச் சளியை நம்மாட்கள் கொறட்டை என்பார்கள். ராத்திரியில் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றால் கரகரவென்று கேட்கும், கண்ணோரம் நுரை இருக்கும், தீவனம் தின்றுகொண்டே மெலியும், ஆனால் கொத்துக் கொத்தாகச் சாகாது.

அளவு, கோழியின் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 1.5 கிலோ கோழி 20 இருந்தால் மொத்த எடை 30 கிலோ, தேவை 300 மில்லிகிராம். 10% பாட்டிலில் அது 3 மில்லி. இது ஒரு நாளைக்கு. அவை அன்று குடித்து முடிக்கும் தண்ணீரில் கலந்து 3 முதல் 5 நாள் வரை, இடையில் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். ‘லிட்டருக்கு அரை மில்லி’ என்ற கடைக் கணக்கு சாதாரண நாளில் ஏறக்குறைய சரியாகவே வரும். மே மாத வெயிலில் கோழி இரண்டு மடங்கு குடிக்கும், அப்போது அதே கணக்கில் மருந்தும் இரண்டு மடங்கு உள்ளே போகும். சீக்குக் கோழியோ தண்ணீர்ப் பக்கமே போகாது. அதற்குக் கணக்கிட்ட அளவை ஊசியில்லா சிரிஞ்சில் எடுத்து, அலகோரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மொத்தமாகப் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

பாதி வீடுகளில் மருந்து தோற்பது தண்ணீரால். மணலி, மாத்தூர், எண்ணூர் பக்கத்து போர் தண்ணீர் கடினத் தண்ணீர், அதிலும் மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலில் ஏறவிடாது. கேன் தண்ணீரில் கலப்பது நல்லது. அடுத்த கோளாறு, செட்டில் உள்ள மூன்றையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றுவது. என்ரோஃப்ளாக்சசின் கரைசல் காரத்தன்மை உள்ளது, டானிக்குகளில் பல அமிலத்தன்மை உள்ளவை. சேர்த்தால் மருந்து அடியில் படிந்துவிடும், மேலே இருக்கும் வண்ணத் தண்ணீரைத்தான் கோழி குடிக்கும். மூன்றையும் கலந்து கொடுக்கச் சொல்லி அனுப்பும் கடைக்கு, செட் விற்பதில் இருக்கும் அக்கறை அது வேலை செய்வதில் இல்லை.

கோழியின் உடலுக்குள் போனதும் இந்த மருந்தில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. நமக்குச் சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர் எழுதித்தரும் அதே சிப்ரோதான். இந்த வகை மருந்துகளை, மனிதருக்கு மிக முக்கியமானவை என்று பட்டியலிட்டு விலங்குகளுக்கு அளந்து பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்கா 2005-இல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசினையே தடை செய்துவிட்டது. கோழி வழியாகப் பரவும் கேம்பிலோபாக்டர் கிருமி இந்த மருந்துக்குப் பழகிப்போனதுதான் காரணம். இங்கே தடை இல்லை. ஆனால் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் அது நிற்பதைப் பார்த்தால் சட்டம் ஒன்று இருப்பதே தெரியாது.

முட்டை, கறி விஷயத்தையும் கடையில் யாரும் சொல்வதில்லை. மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்பது லேபிளில் இருக்க வேண்டும். 2012-இல் மருந்து விதிகளில் வந்த திருத்தத்தின்படி, அந்த மருந்துக்கென்று சோதித்த கணக்கு இல்லையென்றால், கடைசி வேளை கொடுத்த பிறகு முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் இடைவெளி. முட்டையிடும் கோழிக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய நாடுகளில் லேபிளிலேயே எழுதுகிறார்கள். வீட்டு முட்டை என்று பிள்ளைக்கு வேகவைத்துக் கொடுப்பவர்கள் முட்டைக்கோழிக்கு இந்த பாட்டிலை எடுக்கவே வேண்டாம். மதிப்பீடு: சீட்டோடு வாங்கினால் தேறும், செட்டோடு வாங்கினால் தேறாது.

டெட்ராசைக்ளின் பொட்டலம்

கொறட்டைச் சளிக்குப் பழைய, கைகண்ட மருந்து. ஆனால் கடையில் 5% பொடியும் இருக்கும், 20% பொடியும் இருக்கும், 50% பொடியும் இருக்கும். “ஒரு ஸ்பூன் போடு” என்று எல்லாவற்றுக்கும் ஒரே யோசனை. 5 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசம். பொட்டலத்தில் சதவீதம் எழுதாமல், பெரிய டப்பாவிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். கிளிஞ்சல் தூள் கலந்த முட்டைக்கோழித் தீவனத்தோடு கொடுத்தால் இதுவும் கால்சியத்தில் கட்டுப்பட்டு எச்சத்தோடு வெளியே போகும். மருந்து கொடுக்கும் நாட்களில் கிளிஞ்சலை நிறுத்தி வைக்கலாம்.

இது கிடைக்காவிட்டால் மனிதர் மருந்துக் கடையில் அமாக்சிசிலின் கேப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துக் கொட்டும் பழக்கம் ராயபுரம், காசிமேடு பக்கத்தில் மட்டுமல்ல, எங்கும் இருக்கிறது. அமாக்சிசிலின் கிருமியின் செல்சுவரைத் தாக்கும் மருந்து. மைக்கோபிளாஸ்மாவுக்கு செல்சுவரே கிடையாது. கொறட்டைக்கு அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றே.

பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். லேபிளில் கொலிஸ்டின் என்றிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. ஐ.சி.யு.வில் வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்கென்று மிச்சம் வைத்திருக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று அது. குஞ்சுக் கழிச்சலுக்கென்று முன்பு ஓடிய ஃபியூரசோலிடோனும் உணவுக் கோழிக்கு ஆகாதது. ‘வளர்ச்சிக்கு’ என்று சொல்லி ஆன்டிபயாடிக் பொடி நீட்டும் கடையில் தீவனம் மட்டும் வாங்கிக்கொண்டு வருவது உத்தமம்.

ஆம்ப்ரோலியம்: அலமாரியில் உருப்படியான பொருள்

மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரையான குஞ்சு, சிறகை விரித்துக் குறுகி நின்று, எச்சத்தில் ரத்தம் காட்டினால் ரத்தக்கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டுத் தரை நனையும்போது வடசென்னையில் இது வராத வீடு குறைவு. என்ரோஃப்ளாக்சசினுக்கு இதுவும் கட்டுப்படாது. இதற்கென்றே உள்ளது ஆம்ப்ரோலியம் 20% பொடி.

லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 3 முதல் 5 நாள். பிறகு லிட்டருக்கு 0.3 கிராமாகக் குறைத்து ஒன்றிரண்டு வாரம். வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் இந்த அளவெல்லாம் சுலபம். இல்லாதவர்கள் 12 கிராமை 10 லிட்டர் வாளிக்குக் கணக்கிட்டுக் கலக்கலாம்.

இங்கேதான் செட்டின் இரண்டாவது பாட்டில் காலை வாரும். ஒட்டுண்ணிக்குத் தேவையான தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐப் போல வேடமிட்டுப் போய் அதைப் பட்டினி போடுவதுதான் ஆம்ப்ரோலியத்தின் வேலை. அதே நேரத்தில் பி-காம்ப்ளெக்ஸ் ஊற்றினால் ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும். மருந்து முடிந்த பிறகு டானிக் கொடுங்கள், தப்பில்லை. ரத்தம் நிற்க வைட்டமின் கே கேட்டு வாங்கினால் அது உபயோகம்.

மருந்து பாதி வேலைதான் செய்யும். எச்சத்தோடு வெளியே வரும் ஒட்டுண்ணி முட்டை, ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிவிடும். பினாயில், டெட்டால் எதற்கும் அசையாது. காய்ந்த தரை ஒன்றுக்குத்தான் அது அடங்கும். செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்து வரும் உமியை இரண்டு அங்குலம் பரப்பி, தண்ணீர்க் கிண்ணத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்து, சிந்திய இடத்து உமியை அன்றே அள்ளிப் போட்டால் இந்த மருந்து வாங்கும் தேவையே பெருமளவு குறையும். சல்பா மருந்துகளும் ரத்தக்கழிச்சலுக்குக் கேட்கும். ஆனால் அளவு சற்றே கூடினாலும் சிறுநீரகம் கெடும், ரத்தம் உறையாது. வீட்டு வளர்ப்புக்கு ஆம்ப்ரோலியமே பத்திரம்.

டானிக்குகள்

லிவர் டானிக்: கெடுதல் இல்லை, அவசரமும் இல்லை. இந்தக் காசுக்கு ஒரு கிலோ நல்ல தீவனம் வாங்கலாம். வெறும் நொய்யும் ஓட்டல் மிச்சமும் தின்னும் கோழிக்கு டானிக்கைவிட அதுதான் குறை. காசிமேட்டுப் பக்கம் கருவாட்டுத் தலையை அள்ளிப் போடுகிறார்கள். உப்பு அதிகமாகி, கோழி ஓயாமல் தண்ணீர் குடித்து நீர் நீராகக் கழியும். அதற்கும் செட் வாங்கியவர்கள் உண்டு. கருவாட்டை நிறுத்தி நல்ல தண்ணீர் வைத்தால் போதும்.

ஃபிரிட்ஜில் இருப்பது: லசோட்டா

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பு உண்டு. பிறந்த 5 முதல் 7 நாளுக்குள் எஃப் அல்லது லசோட்டா வகைத் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரத்தில் லசோட்டா மறுபடி. எட்டு வாரத்துக்கு மேல் அதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசி, 0.5 மில்லி. ஆர்2பி கொஞ்சம் வீரியமானது. முன்பு லசோட்டா வாங்காத கோழிக்கும், சோர்ந்த கோழிக்கும், முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிக்கும் போட்டால் கால் தளரலாம், முட்டை நிற்கலாம்.

விலை ஒரு பொருட்டே இல்லை. குப்பியின் அளவுதான் தலைவலி. தனியார் கம்பெனிக் குப்பிகள் 200, 500, 1000 கோழிக்கு வருகின்றன. உங்களிடம் இருப்பதோ 15. கரைத்த மருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் உயிரோடு இருக்கும், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போட முடியாது. தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதே வழி. அப்போது மருந்து வீடு வீடாகப் போகட்டும், கோழிகள் ஓரிடத்தில் கூட வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கூல்டிரிங்ஸோடு சேர்த்து வைத்து நாளெல்லாம் திறந்து மூடும் ஃபிரிட்ஜும், கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு இல்லாத ஃபிரிட்ஜும் நம்பத்தக்கவை அல்ல. ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வாங்கி வாருங்கள், சட்டைப் பையில் அல்ல. குப்பிக்குள் காற்று இருக்காது. கரைக்கும் திரவத்தைச் சிரிஞ்சில் எடுத்து மூடியில் குத்தினால் குப்பியே அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவில்லையென்றால் மருந்து கெட்டுவிட்டது. இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

தண்ணீரில் கொடுப்பவர்கள் மெட்ரோ தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூள் கலந்து அரை மணி நேரம் விட்டு, பிறகு மருந்தைக் கரையுங்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்தால் எல்லாக் கோழியும் உடனே வந்து குடிக்கும். பிளாஸ்டிக் கிண்ணம், நிழல், காலை நேரம். சில கோழிகள் மட்டும் குடித்து மற்றவை ஒதுங்கி நிற்பதுதான் “ஊசி போட்டும் வந்துடுச்சு” என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இருக்கும். நோய் ஏற்கெனவே உள்ளே வந்தபின் போடுவது இன்னொரு காரணம்.

அம்மைத் தடுப்பு மருந்தையும் இதோடு கேட்டு வாங்குங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் இறக்கைத் தோலில் குத்துவது. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்துக் கொசுக்கள் அம்மையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. கூண்டுக்குக் கொசுவலை கட்டினால் ஆன்டிபயாடிக்கைவிட அது பலன் தரும். கொப்புளத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவுவது போதும், புண் சீழ் வைத்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டி விழும் வாலிபக் கோழிக்கு மேரெக்ஸ் நோயாக இருக்கலாம், அதற்குக் கடையில் எதுவும் இல்லை. தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த நாளிலேயே போட்டிருக்க வேண்டும், எனவே குஞ்சு வாங்கும் இடத்தில் கேளுங்கள்.

காசு கேட்காத இடங்கள்

அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். பிப்ரவரியில் இரு வார முகாமும் வழக்கமாக நடக்கும். குப்பி அளவுத் தலைவலி அங்கே கிடையாது. குறை ஒன்றுதான், கோழியைக் கூடையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும், சீக்குக் கோழிகளும் அங்கே வரும். காத்திருக்கும்போது கூடையைத் தரையில் வைக்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழுவுங்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு உள்ள பெரிய வசதியை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. கோழியின ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் வேப்பேரியில். செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் கடைக்காரர் ஊகிப்பது சில நிமிடங்களில் தெளிவாகிவிடும்: குடல் முனைப் பைகளில் ரத்தம் நிறைந்திருந்தால் ரத்தக்கழிச்சல், இதயத்தைச் சுற்றி வெள்ளைப் படலம் இருந்தால் பெரும்பாலும் ஈ.கோலை, இரைப்பையின் உள்சுவரில் ரத்தப் புள்ளிகள் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் சந்தேகம்.

கொண்டுபோகும் விதம் முக்கியம். செத்த சில மணி நேரத்துக்குள், இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஐஸுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோங்கள். ஃபிரீசரில் உறைய வைத்தால் திசு கெட்டுவிடும், எதுவும் தெரியாது. முடிந்தால் நோய் கண்ட கோழி ஒன்றையும் உயிரோடு எடுத்துப்போங்கள். கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவும் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தொடங்கும் முன் எடுத்த மாதிரியாக இருக்க வேண்டும். முதலில் செட்டை ஊற்றிப் பார்த்து, கேட்காவிட்டால் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் உதவாது.

ஒரே இரவில் பல கோழிகள் செத்து, கொண்டையும் முகமும் வீங்கி நீலம் பாய்ந்திருந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது எதையும் எங்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அறுக்காதீர்கள், கால்வாயில் வீசாதீர்கள், மிச்சக் கோழிகளை அவசரமாக விற்காதீர்கள். பக்கத்து அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். மாதிரி எடுப்பது அவர்கள் வேலை, அது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் வரை போகும். அவர்கள் வரும் வரை கூண்டை மூடி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.